வாளியில் வளர்ந்த புளி: விதையிலிருந்து போன்சாய் – கொருக்குப்பேட்டை மொட்டைமாடி நிகழ்வு ஆய்வு

2020ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரே நாளில், ஒரே கலவையில் விதைக்கப்பட்ட புளியங்கன்றுகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை ஆழமற்ற பீங்கான் தட்டுகளிலும் மறு பங்கை 20 லிட்டர் பெயிண்ட் வாளிகளிலும் வளர்த்த ஒருவரின் ஐந்தாண்டு முயற்சியை இங்கே பதிவு செய்கிறேன். அவர் வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் வாடகை வீட்டில் குடியிருக்கும் மின்பணியாளர். அதற்குமுன் துளசியும் கற்றாழையும் தவிர வேறு செடி வளர்த்ததில்லை. சோதித்துப் பார்க்கும் நோக்கத்தில் அவர் கன்றுகளைப் பிரிக்கவில்லை. கைவசம் நான்கு வாளிகள் இருந்தன, ஆசைப்பட்டு மூன்று தட்டுகள் வாங்கியிருந்தார், கன்றுகள் ஏழு. ஆனால் விதை, வெயில், தண்ணீர், உரம், பார்த்துக்கொள்ளும் கை ஆகிய எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்து, வேருக்குக் கிடைத்த இடமே பெரிதும் வேறுபட்டதால், தொடக்கநிலையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்விக்கு இந்த மாடியில் கண்கூடான பதில் கிடைத்திருக்கிறது.

அந்தக் கேள்வி இதுதான்: முளைத்த கன்றைப் போன்சாய்த் தொட்டிக்கு, அதாவது குட்டைமரம் வளர்க்கும் ஆழமற்ற தட்டுக்கு, எப்போது மாற்றுவது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதையிலிருந்து தொடங்குபவர் முதல் நான்கைந்து ஆண்டுகள் போன்சாயை மறந்துவிட்டு மரத்தை வளர்க்க வேண்டும்; சிறிய தொட்டி கடைசியாக வர வேண்டியது. இந்த முறைக்கே உரிய வேலை ஒன்று உண்டு. அது வேர் தொடர்பானது, முளைத்த சில மாதங்களுக்குள் செய்து முடிக்க வேண்டியது. அதைத் தவறவிட்டால் விதையிலிருந்து வளர்ப்பதால் கிடைக்கும் முக்கியமான நன்மை கைநழுவிவிடும்.

பொட்டலத்தில் வந்த விதைகள்

ஊரடங்குக் காலத்தில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தபோது அவர் இணையத்தில் ‘போன்சாய் விதை’ என்ற பெயரில் விற்கப்பட்ட பொட்டலம் ஒன்றை வரவழைத்தார். சிவப்பு மேப்பிள், கருப்புப் பைன், அவற்றோடு நீல நிற இலைகள் கொண்ட மேப்பிள் என மூன்று படங்கள் அட்டையில் இருந்தன. தேங்காய்நார்க் கழிவில் விதைத்து, நாள்தோறும் தண்ணீர் தெளித்து, ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தார். வெள்ளைப் பூசணம் படர்ந்ததே தவிர ஒன்றும் முளைக்கவில்லை.

போன்சாய்க்கென்று தனி விதை கிடையாது. காட்டில் 60 அடி உயரத்துக்கு வளரும் மரத்தின் விதையும் தட்டில் ஓரடி உயரத்தில் நிற்கும் மரத்தின் விதையும் ஒன்றே. வளர்ப்பவரின் கத்தரிக்கோல்தான் அதைக் குட்டையாக வைத்திருக்கிறது. நீல இலை மேப்பிள் என்று ஒரு மரமே உலகில் இல்லை. படம் கணினியில் நிறம் மாற்றப்பட்டது. ஜப்பானிய மேப்பிள் உண்மையான மரம்தான் என்றாலும், அதன் விதை உறக்கநிலையில் இருக்கும். ஈரத்தோடு சேர்ந்து ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸ் குளிர் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் கிடைத்தால்தான் அந்த உறக்கம் கலையும். ஈரமணலில் பொதிந்து குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து அதைக் கலைத்துவிடலாம். ஆனால் முளைத்த பிறகும் அந்த மரத்துக்கு ஆண்டுதோறும் இலையுதிர்த்து ஓய்வெடுக்க ஒரு குளிர்காலம் தேவை. தை மாதத்து விடியற்காலையில்கூட 20 டிகிரிக்கு அருகில் நிற்கும் சென்னையில் அது கிடைக்காது. ஆகவே அந்தப் பொட்டலத்தின் தோல்வியில் இவருடைய கைக்குப் பங்கில்லை.

தெருவில் நிற்கும் மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் வந்தார். பெரம்பூரில் என் வீட்டு மின்பழுதைப் பார்க்க வந்திருந்தவர், மாடியில் நின்ற கொடுக்காப்புளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சார், இது எந்த ஊர் வெதை சார்?” என்று கேட்டார். அவர் அன்றாடம் ஏணி சாய்த்து ஏறும் தெருக்களில் நிற்கும் அதே மரம்தான் என்று சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரச் சற்று நேரமாயிற்று.

வடசென்னையில் எளிதாகக் கிடைக்கும் விதைகளைப் பற்றி அன்று நாங்கள் பேசியதைச் சுருக்கமாகத் தருகிறேன். வேம்பு எங்கும் கிடைக்கும். ஆனால் ஆனி, ஆடியில் பழுத்து விழும் அதன் விதைக்கு முளைப்புத்திறன் சில வாரங்களே நீடிக்கும் என்பதால் உடனே விதைக்க வேண்டும்; கணுவுக்குக் கணு இடைவெளி அதிகம் என்பதால் சிறிய வடிவத்துக்குள் கொண்டுவருவதும் கடினம். ஆல், அரசு விதைகள் தூசு போன்றவை. அவற்றை விதைப்பதைவிடப் பழைய வண்ணாரப்பேட்டைக் கட்டடங்களின் கைப்பிடிச் சுவர் விரிசலில் தாமாக முளைத்துத் தடித்திருக்கும் கன்றை உரிமையாளரின் அனுமதியோடு பெயர்த்தெடுப்பது பல ஆண்டுகளை மிச்சப்படுத்தும். பாலைவன ரோஜா புதிய விதையாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். ஆனால் அதன் ஊதிய தண்டில் மரத்தின் சாயலை என்னால் காண முடிந்ததில்லை. கொடுக்காப்புளி விதை எந்தப் பக்குவமும் இல்லாமல் சில நாட்களில் முளைக்கும், விரைவாகத் தடிக்கும், முள்தான் தொல்லை. அவர் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தது. எனவே புளி.

புளியைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். அதன் சிற்றிலைகள் இயல்பிலேயே சிறியவை; பட்டை இளம்வயதிலேயே வெடித்து முதுமரத் தோற்றம் தரும்; வேரை வெட்டினால் தாங்கும்; கடற்காற்றையும் ஓரளவு உப்பையும் பொறுத்துக்கொள்ளும். வீட்டில் எதிர்ப்பு வந்தது வேறு காரணத்துக்காக. “புளியங்கன்ன வூட்ல வெச்சி வளக்கக் கூடாதுப்பா, காத்து கருப்பு அண்டும்” என்றார் அவருடைய தாயார். “வூட்டுக்குள்ள இல்லம்மா, மாடிலதான் வெக்கப்போறேன்” என்று மகன் சமாதானம் சொல்லி ஒப்புக்கொள்ளவைத்தார். இப்போது காலையில் தண்ணீர் ஊற்றுபவர் அந்தத் தாயார்தான்.

முளைப்பு

வீட்டுப் பானையில் இருந்த புளியில் விதை எடுக்க வேண்டாம் என்றேன். ஆண்டு முழுவதுக்கும் வாங்கி வைக்கும் புளியில் உப்புத் தூவி அழுத்தி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பல மாதங்கள் உப்பில் கிடந்த விதையை நம்ப முடியாது. அந்தப் பருவத்தில் உதிர்ந்த ஓடுள்ள பழங்களை அவர் வேலைக்குப் போன இடத்திலிருந்து கொண்டுவந்தார். விதைகளைக் கழுவி ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தார். சில விதைகளின் மேல்தோல் சுருங்கி, விதை ஊதியது. அவற்றுக்கு வேறு பக்குவம் தேவைப்படவில்லை. கல்லாகவே கிடந்தவற்றை எடுத்து, முளை வரும் முனையை விட்டுவிட்டு எதிர்ப்புற விளிம்பில் உப்புத்தாளால் உள்ளிருக்கும் வெள்ளை தெரியும்வரை தேய்த்து மீண்டும் ஊறவைத்தார். தண்ணீர் உள்ளே நுழைய ஒரு வாசல் கிடைத்ததும் அவையும் ஊதிவிட்டன.

கழுவிய பால் கவர்களின் அடியில் துளையிட்டு, தேங்காய்நார்க் கழிவும் ஆற்றுமணலும் சம அளவில் நிரப்பி, அரை அங்குல ஆழத்தில் கவருக்கு ஒன்றாக ஊன்றினார். இரண்டு வாரங்களுக்குள் பெரும்பாலானவை முளைத்தன. புளி முளைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். தண்டு வளைந்து மண்ணைப் பிளந்து வந்து, தடித்த இரண்டு விதையிலைகளையும் தன்னோடு மேலே தூக்கி நிமிர்கிறது. தோல் அவற்றின்மேல் ஒட்டியபடியே ஓரிரு நாள் இருந்து பிறகு கழன்று விழுகிறது. நடுவிலிருந்து முதல் இறகிலைகள் இரண்டும் எதிரெதிராக விரிகின்றன. அந்த வயதிலேயே பொழுது சாய்ந்தால் சிற்றிலைகள் இணை இணையாக மடிந்துகொள்ளும். வாடிவிட்டதென்று பதறி மாலையில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினால் கவர் சகதியாகிவிடும். காலையில் விரிந்திருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

முளைத்த கன்றுகளில் சில, மண்மட்டத்தில் தண்டு கறுத்து மெலிந்து சாய்ந்தன. இது நாற்றழுகல். வடிகால் போதாத இடத்தில் பூசணத்தால் வருவது. வந்த கன்றைக் காப்பாற்ற முடியாது. மீதியிருந்த கவர்களில் துளைகளைப் பெருக்கி, நோய்ப்பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடியை மண்புழு உரத்தோடு கலந்து மேலாகத் தூவி, தண்ணீரைக் குறைத்ததும் அது நின்றது. ஒன்பது கன்றுகள் நிலைத்தன.

ஆணிவேர்

இனி வருவதுதான் விதைமுறையின் உயிர்நாடி. விதையிலிருந்து வரும் கன்று முதலில் செய்யும் வேலை ஆணிவேரைக் கீழே செலுத்துவது. காட்டில் அது உயிர் காக்கும். போன்சாயில் அதற்கு இடமில்லை. மூன்று அங்குல ஆழமுள்ள தட்டில் மரம் நிற்க வேண்டுமானால், தண்டின் அடியிலிருந்து எல்லாத் திசையிலும் பக்கவேர்கள் படர்ந்து மண்ணைக் கவ்வியிருக்க வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் வயதை உணர்த்துவது அந்த வேர்ப்படர்வுதான். சுவரிலிருந்தோ காட்டிலிருந்தோ பெயர்த்த மரத்தில் பெரும்பாலும் வேர் ஒரு பக்கமாகவே ஓடியிருக்கும். அதைச் சீர்செய்யப் பல ஆண்டுகளாகும். விதைக்கன்றில் அதைத் தொடக்கத்திலேயே நம் விருப்பப்படி அமைக்க முடியும்.

புரட்டாசிக் கடைசியில், மேகமூட்டமான நாள் பார்த்து, அவர் கவர்களைப் பிளேடால் கீறித் திறந்தார். தண்டு ஒரு சாண்கூட இல்லை. ஆணிவேரோ கவரின் அடியைத் தொட்டு, போக இடமில்லாமல் இரண்டு சுற்றுச் சுருண்டிருந்தது. மண்மட்டத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை விட்டு, புதிய பிளேடால் ஒரே வீச்சில் ஆணிவேரை நறுக்கினோம். அதற்கு மேலே மயிரிழை போன்ற பக்கவேர்கள் ஏழெட்டு இருந்தன. உடைந்த ஓட்டுத் துண்டின் மேல் கன்றை நிறுத்தி, அந்த வேர்களை ஈக்குச்சியால் ஒவ்வொன்றாக விலக்கி, சக்கரத்தின் ஆரக்கால்கள் போலச் சுற்றிலும் பரப்பி, மேலே கலவை இட்டு மூடினோம். அடியில் ஓடு இருப்பதால் புதிய வேர் நேராகக் கீழே போக முடியாது. பக்கவாட்டில் ஓடித்தான் விளிம்பைக் கடக்க வேண்டும்.

இரண்டு வாரங்கள் தண்ணீர்த்தொட்டியின் நிழலில் வைத்தோம். முதல் நான்கைந்து நாட்கள் சிற்றிலைகள் பகலிலும் மடிந்தே கிடந்தன; பிறகு காலையில் கொஞ்சம் கொஞ்சமாக விரியத் தொடங்கின. இரண்டு கன்றுகள் தேறவில்லை. ஏழு தேறின. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய ஈரப்பதம் இந்த வேலைக்கு உதவியது. இதையே சித்திரையில் செய்திருந்தால் பாதிக்கு மேல் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

தட்டும் வாளியும்

2021ஆம் ஆண்டு தை மாதத்தில் ஏழு கன்றுகளும் நிலையான இடத்துக்கு மாறின. மாதவரம் பக்கத்து நாற்றங்காலில் வாங்கிய மூன்று பீங்கான் தட்டுகளில் மூன்று கன்றுகள். சால்டரிங் அயனால் அடியிலும் பக்கங்களின் கீழ்ப்பகுதியிலும் துளையிட்ட நான்கு பெயிண்ட் வாளிகளில் நான்கு. வீட்டு உரிமையாளர் ஒரு நிபந்தனை விதித்திருந்தார்: தட்டை ஓடு பதித்த தளத்தின்மேல் எதையும் நேரடியாக வைக்கக் கூடாது, ஒழுகும். அதனால் செங்கல் அடுக்கிப் பலகை போட்டு, அதன்மேல் வைத்தார். தளத்தின் சூடு நேரடியாக ஏறாமல் இருக்கவும் அது உதவியது.

கலவையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜப்பானியர் பயன்படுத்தும் அக்கடாமா என்ற எரிமலைக் களிமண் குருணை இங்கே இறக்குமதி விலையில்தான் கிடைக்கும். தொடக்கநிலையாளருக்கு அது தேவையே இல்லை. வடசென்னையில் நாள்தோறும் எங்கேனும் ஒரு பழைய வீடு இடிபடுகிறது. அந்த இடிபாட்டில் கிடைக்கும் நாட்டுச் செங்கல் மென்மையானது, தண்ணீரை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். அதைச் சுத்தியலால் உடைத்து, முதலில் மணல் சல்லடையிலும் பிறகு மாவுச் சல்லடையிலும் சலித்து, தூளையும் பெரிய துண்டையும் ஒதுக்கினால், பாசிப்பயறு முதல் கொண்டைக்கடலை வரையிலான அளவில் குருணை நிற்கும். தூளைச் சேர்த்தால் காற்றிடைவெளி அடைபட்டு வேர் அழுகும். செங்கலில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக் காரையைக் கொத்தி நீக்கிவிட வேண்டும். அது மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி, இலையை மஞ்சளாக்கும். இந்தக் குருணை இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மண்புழு உரமும் மட்கிய இலையும் சேர்ந்து ஒரு பங்கு என்று கலந்தார். உரமாக மாதம் ஒருமுறை வேப்பம் புண்ணாக்குத் தூள். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளிவை ஊற்றவும் தொடங்கினார். நாற்றம் தாங்காமல் கீழ்வீட்டுக்காரர் வந்து சொன்னதும் அது நின்றது.

மூன்றாண்டுகள் கழித்து, 2024 தை மாதத்தில் இரு பங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தோம். தட்டில் இருந்தவற்றில் ஒன்று 2022ஆம் ஆண்டு கத்திரி வெயிலில், குடும்பத்தார் இரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தபோது காய்ந்துவிட்டது. மற்ற இரண்டும் ஒரு சாணுக்குச் சற்று அதிகமான உயரத்தில், பென்சில் பருமனில், அடி முதல் நுனி வரை ஒரே தடிப்பில் நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் தட்டில் நட்ட நாற்று என்பதைத் தாண்டி மரம் என்ற எண்ணத்தை அவை எழுப்பவில்லை. வாளியில் இருந்த நான்கும் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஆளுயரம் வளர்ந்திருந்தன. அவற்றின் அடித்தண்டு 3 சென்டிமீட்டருக்குக் குறையவில்லை; பட்டையில் நீளவாட்டில் வெடிப்புகள் தோன்றியிருந்தன. தட்டுமரத்தின் தண்டு இன்னும் வழவழப்பாகவே இருந்தது.

இதற்குக் காரணம் எளிது. தண்டு தடிப்பது பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசு ஆண்டுதோறும் புதிய மரத்தைப் படியவைப்பதால். அதற்கான உணவை இலைகள் தயாரிக்கின்றன. இலைகளின் அளவை வேர் தீர்மானிக்கிறது. வேரின் அளவைத் தொட்டி தீர்மானிக்கிறது. எந்தக் கிளை மிகுதியாக இலை தாங்குகிறதோ, அதற்குக் கீழே உள்ள தண்டுப்பகுதி தடிக்கும். வாளியில் கன்றைக் கட்டுப்பாடின்றி வானத்தை நோக்கி ஓடவிட்டதால் அடித்தண்டுக்கு உணவு இறங்கிக்கொண்டே இருந்தது. தட்டில் வைத்த நாளோடு அந்த ஓட்டம் நின்றுபோயிற்று.

தட்டில் வைத்தால்தான் மரம் குட்டையாகும் என்ற எண்ணம் பலரிடம் ஊறியிருக்கிறது. கத்தரிப்பால் குட்டையாக்கிய மரத்தை அந்த நிலையிலேயே வைத்திருக்கத் தட்டு உதவும். மெல்லிய கன்றை முதிய மரமாக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. மரத்தின் உயரம் அடித்தண்டு விட்டத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு இருந்தால் கண்ணுக்கு முதுமரமாகத் தோன்றும் என்பது போன்சாய் வளர்ப்போர் கைக்கொள்ளும் அளவு. ஓரடி உயரத்தில் மரம் வேண்டுமென்றால் அடியில் 5 சென்டிமீட்டர் வேண்டும். பென்சில் பருமனைத் தட்டிலேயே அந்த அளவுக்குக் கொண்டுவர எத்தனை பத்தாண்டுகள் ஆகும் என்பதை வளர்ப்பவர் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பெருமை பெற்ற போன்சாய்களில் பல விதையிலிருந்து வந்தவை அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சீனாவில் 706ஆம் ஆண்டைச் சேர்ந்த, டாங் வம்ச இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்தில் பணியாளர்கள் சிறுமரத் தட்டுகளை ஏந்தி நிற்கிறார்கள். அவ்வளவு பழமையான இந்தக் கலையில், இயற்கையிலேயே குறுகி முதிர்ந்த மரத்தைத் தேடி எடுத்துவருவது தொடக்கம் முதலே இருந்துவரும் வழி. 1625ஆம் ஆண்டிலிருந்து பேணப்பட்டு, 1945இல் ஹிரோஷிமா அணுகுண்டுக்கும் தப்பி, 1976இல் யாமாகி குடும்பத்தாரால் அமெரிக்காவுக்கு வழங்கப்பட்ட வெள்ளைப் பைன் இன்றும் வாஷிங்டனில் உயிரோடு இருக்கிறது. ஒரு மரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் காப்பாற்றியவர்களோடு ஒப்பிட்டால், நாம் வாளியில் விட்டுவைக்கும் ஐந்தாண்டு பெரிய காத்திருப்பே இல்லை.

தண்ணீரும் உப்பும்

வடசென்னையில் போன்சாய் வளர்ப்பவர் பூச்சியைவிடத் தண்ணீருக்கே அஞ்ச வேண்டும். கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பானது. நிலத்தில் நிற்கும் மரத்துக்கு மழை வந்து உப்பைக் கழுவிவிடும். தொட்டியிலோ ஊற்றுகிற தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கித் தங்கிச் சேர்கிறது. 2021 கோடையில் தட்டுகளின் விளிம்பிலும் செங்கல் குருணையின் மேலும் வெள்ளைப் படிவு தோன்றியது. சிற்றிலைகளின் நுனி கருகியது. தாயார் அதை வெயில் கருக்கல் என்று எண்ணி இன்னும் அதிகமாக அதே தண்ணீரை ஊற்றியிருக்கிறார். வாளியில் அடையாளம் குறைவு. மண் அதிகமாக இருந்ததால் உப்பு பரவி நீர்த்திருந்தது.

மருந்து எதுவும் தேவைப்படவில்லை. போர் தண்ணீரை நிறுத்திவிட்டுக் குடிநீர் வாரியக் குழாயில் வரும் தண்ணீருக்கு மாறினார். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் அப்போது வடசென்னைக்குத்தான் வந்தது. போர் தண்ணீரோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். ஏசி இயந்திரங்கள் பொருத்தும் வேலையும் அவர் செய்வதால், அவற்றின் குழாயிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்துவரும் யோசனை அவருக்கே தோன்றியது. காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கும் அந்த நீரில் உப்பே இருக்காது. தட்டுகளுக்கு அதுவே மிகப் பொருத்தம். மாதம் ஒருமுறை ஒவ்வொரு தட்டிலும் தண்ணீர் அடித்துளை வழியாக வழிந்தோடும்வரை தொடர்ந்து ஊற்றி உப்பைக் கழுவுவதையும் வழக்கமாக்கினார். இதற்கு நேர்மாறாக, ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுக் குழாயில் வரும் நீரை வீணாக்க வேண்டாம் என்று செடிக்கு ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது உப்பு செறிந்த நீர். தொட்டிச் செடிக்கு அதை ஒருபோதும் ஊற்றக் கூடாது.

வெயிலுக்குச் சித்திரை, வைகாசியில் 50 விழுக்காடு நிழல்வலை. வாளிகளின் மேற்குப் பக்கத்தில் நனைத்த சாக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஆளுயரக் கன்றுகள் நான்கையும் தண்ணீர்த்தொட்டியின் இரும்புத் தாங்கியோடு சேர்த்துக் கட்டிவிட்டு அவர் மின்பழுது வேலைக்குப் போய்விட்டார். ஊர் இருண்டு கிடந்த அந்த நாட்களில் அவரால் மாடிக்குப் போகவே முடியவில்லை. ஒரு வாளியின் துளைகள் இலைக்குப்பையால் அடைபட்டுத் தண்ணீர் தேங்கியிருந்தது; அந்தக் கன்று இலை முழுவதையும் உதிர்த்து மாசியில் மீண்டும் தளிர்த்தது. மாவுப்பூச்சி அவ்வப்போது எட்டிப்பார்த்தது. எறும்பு ஏறுவதைத் தடுத்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து தெளித்ததில் அடங்கியது.

வெட்டும் கம்பியும்

அளந்து பார்த்த அதே தை மாதத்தில் வாளிமரங்களில் மூன்றை வெட்டினோம். ஆளுயர மரத்தை அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அறுக்க வேண்டும் என்றதும் அவருக்கு மனம் வரவில்லை. மூன்றாண்டு வளர்ச்சி தரையில் விழுவதைப் பார்ப்பது எவருக்கும் எளிதன்று. ஆனால் ஒரே தடிப்பில் நேராக ஓடும் தண்டை இங்கே நிறுத்தி, கீழிருந்து புதிய தளிரை எழுப்பி, அதை மீண்டும் சில ஆண்டுகள் ஓடவிட்டு மறுபடி வெட்டினால்தான், அடி பருத்து மேலே போகப்போக மெலியும் வடிவம் உருவாகும். சீனத்தின் குவாங்டுங் பகுதியில் வளர்ந்த லிங்னான் மரபினர் கம்பியைப் பெரிதும் நம்பாமல் வெட்டியும் வளர்த்தும் மட்டுமே மரத்தை வடிவமைப்பார்கள். நம் வெப்பத்துக்கும் இங்குள்ள மரங்களின் வேகத்துக்கும் அந்த வழியே ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம்.

கூரிய ரம்பத்தால் சாய்வாக அறுத்து, வெட்டுவாயில் பூசணக்கொல்லியான காப்பர் ஆக்ஸிகுளோரைடு பசை பூசினோம். மூன்று வாரங்களில் தண்டைச் சுற்றிலும் இளஞ்சிவப்புத் தளிர்கள் புறப்பட்டன. சாய்வின் உச்சிக்கு அருகில் இருந்த ஒன்றைத் தலைமைக் கிளையாகவும், கீழே வெவ்வேறு திசையில் மூன்றைப் பக்கக் கிளைகளாகவும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளி எறிந்தார்.

அவருடைய தொழில் இந்த இடத்தில் நன்றாகக் கைகொடுத்தது. போன்சாய்க் கம்பி என்று விற்பதை அவர் வாங்கவில்லை. வீடுகளில் மாற்றிக் கழித்துப்போட்ட பழைய அலுமினிய சர்வீஸ் ஒயரின் மேலுறையை உரித்தால், உள்ளே ஒற்றை இழையாக மெத்தென்ற அலுமினியம் கிடைக்கிறது. 4 சதுர மில்லிமீட்டர் ஒயரின் இழை விட்டம் 2.25 மில்லிமீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரினது ஏறக்குறைய 1.8. கிளையின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு தடிப்புள்ள கம்பி போதும் என்ற அளவுக்கு இவை இரண்டும் பென்சில் பருமனுக்கு உட்பட்ட கிளைகளுக்குச் சரியாகப் பொருந்தின. ஸ்விட்ச் போர்டில் ஒயரைப் பிசகாமல் வளைத்துப் பழகிய விரல்கள், கிளையைச் சுற்றி 45 பாகைச் சாய்வில், இடைவெளி மாறாமல், இறுக்காமலும் தொங்கவிடாமலும் சுற்றிக்கொண்டு போனதை நான் வியப்போடு பார்த்தேன். பல ஆண்டுகள் பழகியவர்களுக்கும் அந்தச் சீர் எளிதில் வராது.

புளியின் இளங்கிளை பச்சையாக இருக்கும்போது நன்றாக வளையும். பழுப்பேறி முற்றினால் சட்டென்று ஒடியும். ஆகவே பச்சை மாறிப் பழுப்பு தொடங்கும் வாரங்களே கம்பி சுற்ற உகந்தவை. குளிர்நாட்டு நூல்கள் கம்பியைப் பல மாதங்கள் விட்டுவைக்கச் சொல்லும். சென்னையின் வளர்ச்சிப் பருவத்தில் ஆறு வாரத்திலேயே பட்டையில் பதியத் தொடங்கிவிடுகிறது. வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். கழற்றும்போது திருகிக் கழற்றாமல், கட்டிங் பிளேயரால் துண்டு துண்டாக நறுக்கி எடுக்க வேண்டும். அலுமினியம் பழைய இரும்புக் கடைக்குப் போகும், கிளை பிழைக்கும்.

இப்போதைய நிலை

வெட்டிய மூன்று மரங்களிலும் புதிய தலைமைக் கிளை சுண்டுவிரல் பருமனைத் தாண்டியிருக்கிறது. 2025 ஆடியில் ஒன்றை வாளியிலிருந்து கவிழ்த்து வேரைப் பார்த்தோம். ஓட்டுத் துண்டு அப்படியே இருந்தது. அதன் விளிம்பைச் சுற்றிலும் சுட்டுவிரல் பருமனில் ஆறு வேர்கள், ஏறக்குறைய ஒரே மட்டத்தில், நாலாபுறமும் இறங்கியிருந்தன. அடியில் சுருண்டு கிடந்தவற்றை நறுக்கி, இப்போது அந்த மரம் பழக்கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் கூடை ஒன்றில் இருக்கிறது. கூடையின் கண்கள் வழியே எட்டிப்பார்க்கும் வேர்நுனி காற்றுப்பட்டுக் காய்ந்து, பின்னால் பல கிளைவேர்களாகப் பிரியும் என்பதால், தட்டுக்குப் போவதற்கு முந்தைய நிலைக்கு இதைவிட நல்ல கலம் இல்லை.

தட்டில் மிஞ்சிய இரண்டு கன்றுகளையும் வாளிக்கு மாற்றச் சொன்னேன். ஒன்றை மாற்றினார், ஓராண்டுக்குள் அதன் தண்டு முந்தைய மூன்றாண்டுகளில் தடித்ததைவிட அதிகமாகத் தடித்திருக்கிறது. மற்றதை அவருடைய மகள் தன்னுடையது என்று வைத்துக்கொண்டிருப்பதால் அது தட்டிலேயே இருக்கிறது. வெட்டாமல் விட்ட நான்காவது வாளிமரம் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது. அதன் அடித்தண்டு 5 சென்டிமீட்டரைத் தொட்டதும் வரும் தையில் வெட்டுவதாகத் திட்டம். வெட்டும் உயரத்தைக் குறிக்க ஒரு சிவப்பு இன்சுலேஷன் டேப்பை அவர் இப்போதே சுற்றிவைத்திருக்கிறார். அது கணுவுக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்க வேண்டும், சற்று இறக்கிச் சுற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.